வைஃபையைக் கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவது? ஆக்சஸ் பாயின்ட் தேர்வுகள்: ஓர் ஒப்பீடு

"மாடியில் சிக்னல் வரவில்லை, எந்த டப்பா வாங்கலாம்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு தளம், பதினான்கு பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வைஃபை போட்டுக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது, கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் இதெல்லாம் தானாகவே வந்து சேரும். மாடிக்கு ஒரு ரிப்பீட்டர் வைத்தேன், பாஸ்வேர்டு போட்டேன், நெட்வொர்க் பெயரை மறைத்து வைத்தேன், எல்லாம் பத்திரம் என்று நிம்மதியாக இருந்தேன். ஆறு மாதம் கழித்து ஒருவர் வேலையை விட்டுப் போனார், அதுவும் சண்டை போட்டுவிட்டு. அன்று மாலையே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் காலையில்தான் தெரிந்தது: போன்கள், லேப்டாப்கள், இரண்டு பிரிண்டர், கேமராக்கள், கதவருகே இருக்கும் கைரேகைக் கருவி என்று முப்பதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் புதுப் பாஸ்வேர்டை அடித்து முடிக்க இரண்டு நாள் போயிற்று. கைரேகைக் கருவியின் மெனுவுக்குள் நுழைய அதற்கென்று வேறு ஒரு பாஸ்வேர்டு, அது யாருக்கும் நினைவில்லை.

அதனால் இப்போது யாராவது கேட்டால் நான் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்கிறேன். அந்த இடம்வரை ஒரு கேபிள் இழுக்க முடியுமா? கொடுத்த அனுமதியை ஒரே ஒருவரிடமிருந்து மட்டும், மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல், என்றைக்காவது திரும்ப வாங்க வேண்டி வருமா? முதல் கேள்விக்கான பதிலில் எந்தக் கருவி என்பது தெரிந்துவிடும், இரண்டாவதில் எந்தப் பூட்டு என்பது. எத்தனை ஆன்டெனா, டப்பாவின் மேல் என்ன எண் அச்சடித்திருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

முதலில் கருவி

செலவே இல்லாத வழி, இருக்கிற ரவுட்டரை இடம் மாற்றுவது. பல இடங்களில் இணைப்பு கொடுக்க வந்தவர் வயர் எங்கே உள்ளே நுழைந்ததோ அங்கேயே, ஒரு மூலையில், தரையோரமாக வைத்துவிட்டுப் போயிருப்பார், அதன் மேல் நாம் ஒரு இரும்பு அலமாரியையும் சாய்த்து வைத்திருப்போம். செங்கல் சுவரை வைஃபை ஓரளவு கடக்கும், கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும், உலோகத் தகடும் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியும் தண்ணீர் நிறைந்த தொட்டியும் இன்னும் மோசம். ஒரே தளம், மூன்று நான்கு அறை என்றால் ரவுட்டரை நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் வைத்துப் பாருங்கள், வேறொன்றும் வாங்க வேண்டியிருக்காது. செட்டிங்கில் அனுப்பும் சக்தியை உச்சத்துக்கு ஏற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ரவுட்டர் பேசுவது போனுக்குக் கேட்கும், போன் பதில் சொல்வது ரவுட்டருக்குக் கேட்க வேண்டாமா? போனின் சின்ன பேட்டரியும் ஆன்டெனாவும் அவ்வளவு தூரம் எட்டாது. ஒலிபெருக்கியில் பேசுகிறவருக்கு, மைதானத்தின் கடைசியில் நிற்பவர் முணுமுணுப்பது கேட்காத கதைதான்.

அடுத்தது ரிப்பீட்டர், சிலர் எக்ஸ்டெண்டர் என்பார்கள். சுவரில் செருகினால் வேலை முடிந்தது, அதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் ஒரு செய்தியை வாங்கி, அதே சேனலில் திரும்பச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் காற்றில் இரண்டு முறை போவதால் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிறது. இன்னொரு தொல்லை, சிக்னல் வராத இடத்திலேயே அதைச் செருகுவார்கள். அதற்கே சரியாகக் கேட்காததை அது எப்படித் திரும்பச் சொல்லும்? போனில் கோடுகள் எல்லாம் நிறைந்திருக்கும், பக்கம் மட்டும் திறக்காது. மின்னஞ்சல் பார்க்க ஒருவர் உட்காரும் அறைக்கு வேண்டுமானால் வைக்கலாம், பலர் வீடியோவில் பேசும் இடத்துக்கு வேண்டாம்.

மெஷ் இதைவிட எவ்வளவோ மேல். இரண்டு மூன்று டப்பாக்கள் ஒன்றையொன்று அறிந்து, ஒரே பெயரில், ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும்படி வரும், கொஞ்சம் கூடுதல் விலையுள்ளவற்றில் டப்பாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவே தனி ரேடியோ இருக்கும். சுவரைத் துளைக்க முடியாத இடம், வாடகைக் கட்டடம், கேபிள் இழுக்க வழியே இல்லை என்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள். எனக்கு இதில் பிடிக்காதது வேறு. பல மெஷ் செட்டுகள் நிறுவனத்தின் கிளவுடில் கணக்கு திறந்தால்தான் அசையும், செட்டிங்குகளையும் ஆப்பில் நான்கைந்து பொத்தானாகச் சுருக்கி வைத்திருப்பார்கள், பின்னால் தேவைப்படும் சில பூட்டுகள் அந்த ஆப்பில் இருக்காது. வாங்கும் முன் கையேட்டைப் பதிவிறக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிள் இழுக்க முடியும் என்றால் பேச்சே இல்லை, கேபிளில் இணைத்த ஆக்சஸ் பாயின்ட்தான், அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் டப்பா. ஒரு ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும், அதே கேபிளிலேயே மின்சாரமும் ஏற்றி அனுப்பலாம். பிஓஈ என்று அதற்குப் பெயர், பழைய தரத்தில் ஸ்விட்ச் (பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், அடுத்த தரத்தில் 30 வாட் கொடுக்கும், ஆக்சஸ் பாயின்ட் கேட்கும் அளவும் ஸ்விட்ச் கொடுக்கும் அளவும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். கூரையில் பிளக் பாயின்ட் தேவையில்லை என்பதால் வேண்டிய இடத்தில், கூரையின் நடுவிலேயே, மாட்டலாம். காற்றில் இரட்டை ஓட்டம் கிடையாது, நெரிசல் குறைவு, கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு மூன்று வைத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஆனால் வெவ்வேறு சேனல். மாடி ஏறும்போது எந்த ஆக்சஸ் பாயின்டுக்குத் தாவுவது என்பதைப் போனேதான் முடிவு செய்யும், சில போன்கள் கீழ்த்தளத்தையே விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது சக்தியைக் கூட்டுவதைவிடக் குறைப்பதே உதவும்.

அலமாரியில் தூங்கும் பழைய ரவுட்டரையும் இப்படிப் பயன்படுத்தலாம், பணம் மிச்சம். மூன்றே வேலை: அதன் ஐபி முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றுவது, சேரும் கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அதில் அணைப்பது, வரும் கேபிளை இன்டர்நெட் என்று எழுதிய துளையில் செருகாமல் மற்ற துளைகளில் ஒன்றில் செருகுவது. சில ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று ஒரு பொத்தானே இருக்கும், அழுத்தினால் இந்த மூன்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நான் ஒரு தடவை டிஹெச்சிபியை அணைக்க மறந்தேன், இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுத்தன, பாதிப் பேருக்கு இணையம் வரும், பாதிப் பேருக்கு வராது, யாருக்கு வரும் என்பதும் ஒவ்வொரு முறை லேப்டாப் திறக்கும்போது மாறும். பேய் பிடித்ததுபோல் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். பழையதை எடுக்கும்போது தயாரித்தவர் இன்னும் அதற்கு ஃபர்ம்வேர், அதாவது உள்ளே ஓடும் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு, தருகிறாரா என்று பாருங்கள், நின்றுபோயிருந்தால் அது மிச்சம் இல்லை.

அலைவரிசை பற்றிச் சுருக்கமாக. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் பக்கத்து வீட்டார், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாரும் அங்கேயே குடியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் அங்கே 1, 6, 11 மட்டும்தான், பக்கத்தில் யாரும் இல்லாத சேனல் என்று நினைத்து 3ஐயோ 8ஐயோ எடுத்தால் இரண்டு பக்கத்துக்காரர்களோடும் இடிப்பீர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், இடமும் நிறைய, எட்டும் தூரம் குறைவு. அதில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடாருக்குத்தான் முதல் உரிமை, ஆக்சஸ் பாயின்ட் அங்கே பேசத் தொடங்கும் முன் குறைந்தது ஒரு நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும், நடுவில் ரேடார் கேட்டால் எழுந்து வேறு சேனலுக்குப் போய்விடும். விமான நிலையம் பக்கமென்றால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. 6 கிகாஹெர்ட்ஸ் இப்போதைக்குக் காலியான சாலை, ஆனால் புதிய கருவிகளுக்கு மட்டும், அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு, கீழே வருகிறேன்.

இனி பூட்டு

செட்டிங்கில் செக்யூரிட்டி என்ற பட்டியலைத் திறந்தால் ஏழெட்டுப் பெயர் வரும். சிலவற்றை உடனே தள்ளிவிடலாம். டபிள்யூஈபி 1997ல் வந்தது, 2001லேயே அதன் அடிப்படைக் கணக்கில் ஓட்டை என்று காட்டிவிட்டார்கள், 2007ல் ஒரு நிமிடத்துக்குள் உடைக்கும் வழியும் வந்துவிட்டது. அதை வைப்பதும் வைக்காமல் விடுவதும் ஒன்று. வெறும் டபிள்யூபிஏ, டிகேஐபி என்று வருவதெல்லாம் 2003ல் அவசரத்துக்கு ஒட்டிய பிளாஸ்திரி, அதையும் விடுங்கள். உண்மையான போட்டி இவற்றுக்கு இடையேதான்: டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3, இரண்டும் கலந்தது, ஆளுக்கொரு சாவி தரும் முறைகள்.

டபிள்யூபிஏ2 பெர்சனல் 2004லிருந்து இருக்கிறது, எந்தக் கருவியும் இதற்குச் சரி என்று தலையாட்டும். இதன் பலவீனம் எங்கே என்று தெரிந்துகொண்டால்தான் மற்றவற்றோடு ஒப்பிட முடியும். உங்கள் போன் இணையும்போது அதுவும் ஆக்சஸ் பாயின்டும் நான்கு செய்தி பரிமாறிக்கொள்ளும். தெருவில் நிற்கும் ஒருவர் அதைப் பதிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம், உங்கள் ஆக்சஸ் பாயின்டுக்கு அது தெரியவே தெரியாது. ஒவ்வொரு முயற்சியும் மெதுவாக நடக்கட்டும் என்றுதான் பாஸ்வேர்டை 4096 சுற்று அரைத்துச் சாவி செய்கிறார்கள், நெட்வொர்க் பெயரையும் அதில் சேர்த்து அரைக்கிறார்கள். அதனால்தான் டப்பாவோடு வந்த பொதுப்பெயரை அப்படியே விடக் கூடாது, அந்தப் பெயர்களுக்கு முன்கூட்டியே அரைத்து வைத்த பட்டியல்கள் சுற்றுகின்றன.

கணக்கைப் பாருங்கள். பலர் பத்து இலக்கப் போன் எண்ணைப் பாஸ்வேர்டாக வைக்கிறார்கள். பத்து இலக்கத்தில் மொத்தம் 1000 கோடி எண்கள், கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வினாடிக்குப் பத்து லட்சம் முயற்சி செய்கிறது என்று வைத்தால் எல்லாவற்றையும் மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடும். அதே வேகத்தில், ஆங்கிலச் சின்ன எழுத்தும் எண்ணும் கலந்து குருட்டாம்போக்காகப் பொறுக்கிய பன்னிரண்டு எழுத்து என்றால் ஒன்றரை லட்சம் ஆண்டு. டபிள்யூபிஏ2 ஒழுங்கான பாஸ்வேர்டோடு இன்றும் மோசமில்லை என்று நான் சொல்வது இதனால்தான். 8லிருந்து 63 எழுத்துவரை இடம் இருக்கிறது, தமிழ் எழுத்து ஏற்காது, ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்து வைக்கலாம். பாட்டு வரி, பழமொழி வேண்டாம், உங்களுக்கு நினைவிருப்பது பட்டியல் தயாரிப்பவருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் பாஸ்வேர்டு தெரிந்தவரிடமிருந்து இது உங்களைக் காப்பாற்றாது. உள்ளே இருக்கும் ஒருவர், பக்கத்து மேசைக்காரர் இணையும் நேரத்து நான்கு செய்தியைப் பிடித்தால், அவருடைய போக்குவரத்தையும் பிரித்துப் பார்க்கலாம். இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் தங்கள் பங்குக்குத் தனியாகக் குறியாக்கம் செய்வதால் பழைய அளவுக்கு ஆபத்தில்லை, அலுவலகப் பிரிண்டருக்குப் போகும் கோப்பு அப்படிப் போவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

டபிள்யூபிஏ3 பெர்சனல் 2018ல் வந்தது, இந்த இரண்டையும் சரிசெய்யத்தான். எஸ்ஏஈ என்ற புதிய கைகுலுக்கலில் ஒவ்வொரு பாஸ்வேர்டு முயற்சிக்கும் ஆக்சஸ் பாயின்டையே அணுகியாக வேண்டும், பதிவு செய்துகொண்டுபோய் வீட்டில் உட்கார்ந்து உடைப்பது நடக்காது. பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் சும்மா ஒட்டுக்கேட்டு இன்னொருவரின் போக்குவரத்தைப் பிரிக்கவும் முடியாது. போலிச் செய்தி அனுப்பி உங்களை நெட்வொர்க்கிலிருந்து உதறிவிடும் பழைய விளையாட்டையும் இது தடுக்கிறது, ஏனென்றால் அந்த மேலாண்மைச் செய்திகளுக்கான பாதுகாப்பு இதில் கட்டாயம். 2019ல் டிராகன்பிளட் என்ற பெயரில் இதிலும் குறைகள் கண்டுபிடித்தார்கள், ஃபர்ம்வேர் திருத்தங்கள் வந்தன. 6 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு நிபந்தனை என்றேனே, அது இதுதான்: அங்கே டபிள்யூபிஏ2 அனுமதி கிடையாது.

எல்லாக் கருவியும் புதிது என்றால் டபிள்யூபிஏ3 மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். யாரிடம் அப்படி இருக்கிறது? எங்கேயும் ஒரு பழைய பிரிண்டர் இருக்கும். அதற்காகத்தான் இரண்டும் கலந்த முறை, அதாவது ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, புதுக் கருவி 3ல் சேரும், பழையது 2ல் சேரும். வசதிதான். ஆனால் யாராவது உங்கள் பெயரிலேயே டபிள்யூபிஏ2 மட்டும் பேசும் ஒரு போலி ஆக்சஸ் பாயின்டை வைத்தால், ஏமாந்து அதில் சேரப் பார்க்கும் கருவியிடமிருந்து வீட்டில் உட்கார்ந்து உடைப்பதற்குத் தேவையானது கிடைத்துவிடும். பாஸ்வேர்டு ஒன்றே என்பதால் 3ன் கதவும் அதே சாவியில் திறக்கும். ஆகவே கலந்த முறையில் பாஸ்வேர்டை டபிள்யூபிஏ2க்கு வைப்பதுபோலவே நீளமாக வைக்க வேண்டும். எனக்குப் பிடித்த வழி, பழைய கருவிகளுக்கு மட்டும் தனிப் பெயரில், வேறு பாஸ்வேர்டில், 2.4ல் ஒரு டபிள்யூபிஏ2 நெட்வொர்க், மற்றவர்களுக்கு டபிள்யூபிஏ3.

இப்போது என் இரண்டாவது கேள்விக்கு வருவோம். மேலே சொன்ன எல்லாவற்றிலும் சாவி ஒன்றுதான், ஒருவர் வெளியேறினால் அத்தனை பேருக்கும் பூட்டை மாற்ற வேண்டும். குடும்பத்துக்கு அது போதும். ஆள் வந்து போகும் இடத்துக்குப் போதாது.

அதற்கான முழுத் தீர்வு என்டர்பிரைஸ் முறை. ஆளுக்கொரு பயனர்பெயரும் பாஸ்வேர்டும், அல்லது கருவிக்கொரு டிஜிட்டல் சான்றிதழ். ஆக்சஸ் பாயின்ட் தானாக முடிவெடுக்காமல் பின்னால் பயனர் பட்டியலை வைத்திருக்கும் ரேடியஸ் சர்வரைக் கேட்கும். ஒருவர் போனால் அவர் பெயரை நீக்கினால் சரி, பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எஜுரோம் இந்த முறையில்தான் ஓடுகிறது, ஒரு பல்கலைக்கழக மாணவர் இன்னொன்றுக்குப் போனாலும் தன் கணக்கிலேயே உள்ளே நுழையலாம். ஆனால் ரேடியஸ் சர்வரை ஒருவர் பராமரிக்க வேண்டும், அது படுத்துவிட்டால் எல்லோருக்கும் வைஃபை போச்சு. அதைவிடப் பெரிய சிக்கல் சான்றிதழில். எதிரே இருப்பது நம் சர்வர்தானா என்று போன் சரிபார்க்க வேண்டும், பலர் அவசரத்தில் 'சரிபார்க்க வேண்டாம்' என்று அழுத்திவிடுவார்கள், அப்புறம் ஒரு போலி ஆக்சஸ் பாயின்ட் வைத்து அவர்கள் பாஸ்வேர்டைக் கறந்துவிடலாம், பாஸ்வேர்டைச் சரிபார்க்கப் பரவலாகப் பயன்படும் எம்எஸ்சாப்2 முறையை உடைக்க முடியும் என்று 2012லேயே காட்டிவிட்டார்கள். அரைகுறையாகப் போட்ட என்டர்பிரைஸைவிட நன்றாகப் போட்ட டபிள்யூபிஏ2 மேல் என்பேன். கைரேகைக் கருவி, கேமரா போன்றவற்றில் பாதிக்கு இந்த முறையே தெரியாது என்பது தனிக்கதை.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, ஏனோ அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஒரே நெட்வொர்க் பெயர், ஆனால் ஆளுக்கு, அல்லது கருவிக்கு, ஒரு பாஸ்வேர்டு. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயரில் கூப்பிடும், பிபிஎஸ்கே என்று சிலர், எம்பிஎஸ்கே என்று சிலர், ஓப்பன்வர்ட் (ரவுட்டரில் நாமே ஏற்றிக்கொள்ளும் இலவச மென்பொருள்) போட்ட ரவுட்டரிலும் இதைச் செய்யலாம். போனுக்கோ பிரிண்டருக்கோ இது சாதாரண டபிள்யூபிஏ2 போலத்தான் தெரியும், அதனால் எந்தப் பழைய கருவியும் சேரும். ஒருவர் வெளியேறினால் பட்டியலில் அவருடைய வரியை மட்டும் அழிக்கலாம். சில ஆக்சஸ் பாயின்ட்களில் எந்தப் பாஸ்வேர்டில் வந்தாரோ அதைப் பார்த்து அவரைத் தனி நெட்வொர்க்குக்கே அனுப்பிவிடலாம். ஒரு குறை, டபிள்யூபிஏ3யோடு இது லேசில் ஒத்துப்போகாது. டபிள்யூபிஏ2ல் போன் அனுப்பும் செய்தியை வாங்கிவைத்து, தன்னிடமுள்ள பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க ஆக்சஸ் பாயின்டால் முடிகிறது. எஸ்ஏஈயில் முதல் செய்தியிலேயே பாஸ்வேர்டு கலந்துவிடுகிறது, வருவது யார் என்று தெரியாமல் ஆக்சஸ் பாயின்ட் எதைக் கலக்கும்? வீட்டில் உட்கார்ந்து உடைப்பதைத் தடுக்கும் அதே குணம்தான் இதையும் தடுக்கிறது. எனவே புதிய பூட்டா, திரும்ப வாங்கக்கூடிய சாவியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பத்து இருபது பேர் உள்ள இடத்துக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், ஒவ்வொரு பாஸ்வேர்டையும் நானே நீளமாகத் தயாரித்துக் கொடுப்பதாக இருந்தால்.

பூட்டு போலத் தெரிபவை

பெயரை மறைப்பதை ஆரம்பத்தில் சொன்னேன். ஆக்சஸ் பாயின்ட் தன் பெயரைச் சொல்லாமல் இருக்கும், ஆனால் உங்கள் போன் அதைத் தேடிப் பெயர் சொல்லி அழைத்தாக வேண்டும், கேட்கிறவருக்கு அந்தக் கணமே தெரிந்துவிடும். போதாததற்கு, போன் நீங்கள் போகிற இடத்திலெல்லாம் அந்தப் பெயரைக் கூவிக்கொண்டே வரும். மறைக்காமல் இருப்பதே மேல்.

மேக் முகவரிப் பட்டியலும் அப்படியே, மேக் என்பது ஒவ்வொரு கருவியின் வைஃபைக்கும் உள்ள அடையாள எண். அனுமதித்த கருவிகளின் முகவரியை ஒவ்வொன்றாக அடித்து வைப்பார்கள், அந்த முகவரியோ ஒவ்வொரு செய்தியிலும் குறியாக்கமின்றித் தெரியும், பார்த்து அப்படியே தன் கருவிக்குப் போட்டுக்கொள்ள யாராலும் முடியும். 2019ல் ஆண்ட்ராய்டு 10ம், 2020ல் ஐஓஎஸ் 14ம் வந்த பிறகு போன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு போலி முகவரி வைத்துக்கொள்கின்றன, அதனால் இந்தப் பட்டியல் தடுப்பது பெரும்பாலும் நம் ஆட்களைத்தான்.

பாஸ்வேர்டு அடிக்காமலே கருவியைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள், குறிப்பாக அதன் 'பின்' (PIN) எண் முறையை. எட்டு இலக்கம் என்பார்கள், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது, மீதி ஏழையும் நான்கு, மூன்று என்று இரண்டு துண்டாகத் தனித்தனியே சரிபார்ப்பார்கள். ஒரு கோடி முயற்சி வேண்டிய இடத்தில் 11,000 போதும் என்று 2011ல் வெளியானது. எவ்வளவு நீளமான பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் இந்தப் பின்கதவு திறந்திருந்தால் வீண்.

விருந்தினருக்கும் டப்பாவுக்கும்

வருகிறவர்களுக்குத் தனி நெட்வொர்க் கட்டாயம். பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து விடலாமா என்றால், ஓடபிள்யூஈ என்ற முறை இருக்கிறது, பாஸ்வேர்டு கேட்காமலே ஒவ்வொருவரின் போக்குவரத்தையும் குறியாக்கம் செய்யும், ஆனால் பழைய போன்களுக்கு அது தெரியாது, எதிரே இருப்பது உண்மையான ஆக்சஸ் பாயின்டா என்பதையும் அது சொல்லாது. நான் சாதாரணப் பாஸ்வேர்டு வைத்து, மாதத்துக்கு ஒரு முறை மாற்றி, வரவேற்பு மேசையில் கியூஆர் கோடாக ஒட்டிவிடுகிறேன். இங்கே மாற்றுவது வலிக்காது, ஏனென்றால் எந்தப் பிரிண்டரும் இதில் இல்லை. ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி ஐசலேஷன் பொத்தானை அழுத்திவிட வேண்டும். பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக மாற்றியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், அதில் விருந்தினர் நெட்வொர்க் போட்டாலும் பல நேரம் அது பெயருக்குத்தான், உள் நெட்வொர்க்கோடு ஒட்டியே இருக்கும். ஒரே கேபிளில் நெட்வொர்க்குகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் விஎல்ஏஎன் தெரிந்த ரவுட்டரும் ஸ்விட்சும் இருந்தால்தான் உண்மையிலேயே பிரியும். விருந்தினராகச் சேர்ந்து, ரவுட்டரின் முகவரியை பிரௌசரில் அடித்துப் பாருங்கள், உள்நுழைவுப் பக்கம் வந்தால் பிரியவில்லை என்று அர்த்தம்.

டப்பாவின் சொந்த நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்பதை 2016ல் மிராய் என்ற தீய நிரல் காட்டியது. தொழிற்சாலையில் வைத்த அறுபதுக்கு மேற்பட்ட பெயர் பாஸ்வேர்டு ஜோடிகளைப் போட்டுப் பார்த்தே கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. 2018ல் விபிஎன்ஃபில்டர் என்ற நிரல் குறைந்தது ஐந்து லட்சம் ரவுட்டர்களுக்குள் புகுந்திருந்தது. ஃபர்ம்வேர் தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்குங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள். கிளவுடிலிருந்து நிர்வகிப்பதா, உள்ளேயே வைத்துக்கொள்வதா என்பதில் எனக்கு உறுதியான பக்கம் கிடையாது. பத்து இடத்தில் கிளை இருந்தால் கிளவுட் இல்லாமல் சமாளிக்க முடியாது, ஒரே இடம் என்றால் அந்த நிறுவனம் கடையை மூடும் நாளில் உங்கள் கூரையில் இருப்பதற்கு யார் பொறுப்பு என்று யோசியுங்கள். ஓப்பன்வர்ட் 2004லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, தயாரித்தவர் கைவிட்ட பல ரவுட்டர்களுக்கு அதில் இன்னும் புதுப்பிப்பு கிடைக்கிறது, கொஞ்சம் படித்துப் போட வேண்டும், தப்பான கோப்பை ஏற்றினால் ரவுட்டர் செங்கல்லாகிவிடும்.

அந்த அலுவலகத்தில் இப்போது ரிப்பீட்டர் இல்லை. தளத்துக்கு ஒன்றாகக் கூரையில் இரண்டு ஆக்சஸ் பாயின்ட், கேபிளிலேயே மின்சாரம். ஊழியர்களுக்கு ஒரே பெயரில் ஆளுக்கொரு பாஸ்வேர்டு, பிரிண்டர், கேமரா, கைரேகைக் கருவிக்கெல்லாம் இணையத்துக்கே போக முடியாத தனி நெட்வொர்க், விருந்தினருக்குத் தனி. போன மாதம் ஒருவர் விலகினார், ஒரு வரியை அழித்தேன், யாரும் கவனிக்கவில்லை.

பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்று முடிவு செய்ததில் மட்டும் ஒரு சின்னத் தடங்கல். நெட்வொர்க் பெயருக்கு இடம் 32 பைட், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக மூன்று. 'விருந்தினர்' என்று அடித்தால் 33 வருகிறது. வேறு வழியில்லாமல் 'விருந்து' என்று வைத்தேன். வருகிறவர்கள் எல்லோரும் போனைப் பார்த்துவிட்டு, எங்கே என்று கேட்கிறார்கள்.